ஜகந்நாதன் பந்தியில் இருவர்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களின் வரிசையில் பூரி இல்லை. ஆழ்வார்களின் மங்களாசாசனம் பெற்ற தலங்களுள் அது சேராததாலோ என்னவோ, திருப்பதிக்கும் திருவரங்கத்திற்கும் ஆண்டு தவறாமல் சென்று வரும் நம்மவர் பலர், காசி யாத்திரையின் வழியில் ஒரு நாள் இறங்கிப் பார்த்துவிட்டு வரும் ஊராகவே அதனைக் கருதுகின்றனர். ஆயினும் பத்ரிநாதம், துவாரகை, இராமேசுவரம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு தாமங்களுள் கீழ்த்திசைக்கு உரியது அதுவே. ஆதிசங்கரர் நிறுவிய கோவர்த்தன பீடம் இருப்பதும் அங்கேதான். இன்று நாம் காணும் பெருங்கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன், சோழ இளவரசி இராஜசுந்தரியின் மகன். கலிங்கத்துப்பரணி பாடும் போரில் தோற்ற கலிங்க வேந்தன் இவனே என்று ஆய்வாளர் பலர் கூறுவர். தமிழ்த்தாய் ஒருத்தியின் மகன் கட்டிய கோயில் என்று எண்ணும்போது, அறியாத ஊரும் சற்றே உறவாகிவிடுகிறது.

எங்களுக்கு அது முற்றிலும் அறியாத ஊர். கொரட்டூரில் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறோம். பாடி திருவலிதாயம், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர், திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் என்று எங்கள் வழிபாட்டின் எல்லை மின்சார ரயிலின் எல்லைக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் சென்றதெல்லாம் உறவினர் பதினைந்து பேரோடு ஒரு வேனில்தான். இருவர் மட்டும், ஒரு வாரம், விடுமுறை என்று புறப்பட்டது மணமாகி 44 ஆண்டுகளில் இதுவே முதன்முறை. பயணச்சீட்டும் தங்குமிடமும் மகனுடைய ஏற்பாடு. "அம்மா சாப்பாட்டுக்கு என்னப்பா பண்ணுவாங்க?" என்ற ஒன்றுக்குத்தான் அவனாலும் வழி சொல்ல இயலவில்லை.

என் மனைவி வெளியிடத்தில் சமைத்த அன்னத்தை உண்ணாதவள். திருத்தணிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில், பாட்டியின் மடியில் வளர்ந்த ஆசாரம் அது. திருமண வீடுகளில்கூட இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும்தான். ஆகவே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, அவல், வெல்லம் என்று ஒரு பை தனியாகவே எங்களோடு பயணம் செய்தது.

சென்னை சென்ட்ரலிலிருந்து கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சென்றால் குர்தா ரோடு சந்திப்பு; அங்கிருந்து பூரி 44 கிலோமீட்டர். இறங்கியவுடன் தரிசனத்திற்கு ஓடிவிடாதீர்கள் என்பதே வயது முதிர்ந்த அன்பர்களுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது. இரவெல்லாம் வண்டியின் ஆட்டத்தில் வந்த உடம்பு, நெடிய வரிசையில் நின்றால் கண் முன்னே கடவுள் நின்றாலும் காணாது. முதல் நாளைக் கடலுக்குக் கொடுத்துவிடுங்கள். அதுவும் வழிபாடுதான். பூரியில் நீராட வேண்டிய ஐந்து தீர்த்தங்களுள் கடலும் ஒன்று. 'மகோததி' என்பது அதன் பெயர். தனுஷ்கோடியில் இரத்னாகரத்தோடு கலக்கும் கடலை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோமோ, அதே பெயர், அதே கடல்.

அலைகள் அங்கே முரடானவை. கரையில் 'நுலியா' என்னும் மீனவர்கள், கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, நீராடுவோரின் கையைப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கின்றனர். காலையிலிருந்து ஒரு சொல்லும் விளங்காமல், குடை பிடித்தாற்போல் வளைந்து நிற்கும் ஒடிய எழுத்துகளை வெறித்தபடி வந்த எங்களுக்கு, அந்த மனிதர் தம் தோழரிடம் ஏதோ உரக்கச் சொன்னது காதில் விழுந்தது. என் மனைவி சட்டென்று திரும்பினாள். அது தெலுங்கு! நுலியாக்களின் முன்னோர் ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். திருத்தணியில் பிறந்தவளுக்குத் தெலுங்கு பாதித் தாய்மொழி. பத்து நிமிடத்தில் அவருடைய பேரன், பேத்திகளின் எண்ணிக்கை வரை கேட்டறிந்துவிட்டாள். பிறகு அவர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பற்றிக்கொள்ள, மூன்று முழுக்குப் போட்டாள்.

மாலையில் சக்கர தீர்த்தத்தின் பக்கம் சென்றால், சங்கிலியால் பிணைக்கப்பட்ட அனுமனைக் காணலாம். 'பேடி ஹனுமான்' என்கின்றனர். நம் மொழியின் பொருளை நினைத்துத் திடுக்கிட வேண்டா. அவர்கள் மொழியில் 'பேடி' என்றால் விலங்கு. கடல் ஊருக்குள் புகாதபடி காவல் இருக்கும் பணியை ஜகந்நாதர் அனுமனுக்கு அளித்தாராம். அவரோ அயோத்தியின் லட்டுவை நினைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார். கடல் உள்ளே வந்துவிட்டது. திரும்பி வந்தவரைப் பெருமான் சங்கிலியிட்டு அங்கேயே நிறுத்திவிட்டார் என்பது தலவரலாறு.

மறுநாள் தரிசனம். கைப்பேசி, ஒளிப்படக் கருவி, தோற்பொருள் எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. கைப்பேசி இல்லாமல் அந்தக் கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் என்ன செய்வது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கவாயிலின் முன் நிற்கும் அருணத் தம்பத்தை நாங்கள் அடையாளமாகக் கொண்டோம். கோணார்க்கின் சூரியன் கோயிலிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நாட்டிய ஒற்றைக்கல் தூண் அது. பண்டாக்களில் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வதாயின், தட்சிணையை முதலிலேயே பேசி முடித்துவிடுவது இரு தரப்புக்கும் நலம்.

வாயிலைக் கடந்ததும் 22 படிகள். 'பைசி பஹச்ச' என்பர். முழங்கால் வலி உள்ளவர்கள் அஞ்சும் அளவுக்குச் செங்குத்தானவை அல்ல. என் மனைவி ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். பக்தியும் உண்டு, மூச்சு வாங்கிக்கொள்ளும் உபாயமும் உண்டு.

உள்ளே இரத்தின சிம்மாசனத்தில் பலபத்திரர், சுபத்திரை, ஜகந்நாதர், உடன் சுதர்சனர். சோழர் செப்புத் திருமேனிகளைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு அந்தத் திருவுருவம் முதலில் ஒரு திகைப்பைத் தரும் என்பதை மறைப்பதற்கில்லை. வேப்பமரத்தில் அமைந்த தாரு விக்கிரகம். முற்றுப்பெறாத கைகள், முகத்தை நிறைக்கும் வட்டக் கண்கள். மூடிய அறைக்குள் தெய்வத் தச்சர் வேலை செய்துகொண்டிருக்க, இந்திரத்யும்ன மன்னன் பொறுமையிழந்து கதவைத் திறந்துவிட்டதால் உருவம் அப்படியே நின்றுவிட்டது என்பது புராணம். சாந்திரமானத்தில் ஆஷாட மாதம் இரண்டு வரும் ஆண்டில் புதுத் திருமேனிக்கு மாறுவார். 1996-க்குப் பின் 2015-இல் அது நடந்தது. தள்ளுமுள்ளில் எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகளே. வெளியே வந்ததும், "குழந்தை வரைஞ்ச படம் மாதிரி இருக்காருங்க. அதான் பயமே வரல" என்றாள்.

திருச்சுற்றில் 'காஞ்சி கணேசர்' என்றொரு பிள்ளையார் உண்டு. காஞ்சி இளவரசி பத்மாவதியை மணக்க விரும்பிய புருஷோத்தம தேவர் என்னும் மன்னர், தேரின் முன் துடைப்பம் பிடிப்பவர் என்று இகழப்பட்டு, போர் தொடுத்து வென்று, அங்கிருந்து கொண்டுவந்த திருவுருவம் என்று ஒடிய மக்கள் கூறுகின்றனர். நம் ஊர்ப் பிள்ளையார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிய மண்ணில் அமர்ந்திருக்கிறார் என்ற எண்ணத்தில் நான் ஒரு தோப்புக்கரணம் கூடுதலாகவே போட்டேன்.

மாலையில் கொடியேற்றம் காணத்தக்கது. 214 அடி உயரமுள்ள விமானத்தின் மேல், கயிறோ ஏணியோ இன்றி ஏறி, உச்சியிலுள்ள நீலச்சக்கரத்தின் கொடியை நாள்தோறும் மாற்றுகின்றனர். அதைக் கண்டுவிட்டு, தங்குமிடத்திற்குக் கடற்கரை வழியாக நடந்தோம். வழியில் சுவர்க்கத்துவாரம். பூரியில் உயிர் நீத்தால் முக்தி என்பது நம்பிக்கை. அங்கே சிதைகள் எரிகின்றன. சற்று தூரத்திலேயே குழந்தைகள் மணலில் விளையாடுகின்றன. பொரி விற்பவர் கூவிக்கொண்டு போகிறார். நான் வேகமாகக் கடந்துவிட எண்ணினேன். அவள் நின்றுவிட்டாள். நெடுநேரம் பார்த்த பின், "இங்க பார்த்தா பெரிசா ஒண்ணும் தெரியலையே" என்று மட்டும் சொன்னாள். யார் முந்தி, யார் பிந்தி என்ற பேச்சை நாங்கள் ஒருபோதும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பையைத் திறந்தால், புளியோதரை கெட்டிருந்தது. கடற்காற்றின் புழுக்கம். அவலும் வெல்லமும் மட்டுமே மீதி.

பெருமாள் துவாரகையில் உடுத்துகிறார், பூரியில் உண்கிறார் என்பது வடநாட்டு வழக்கு. கோயிலின் தென்கிழக்கில் உள்ள மடைப்பள்ளியில் எல்லாமே மண்பாண்டச் சமையல், விறகு அடுப்பு. 'கங்கா', 'யமுனா' என்னும் கிணறுகளின் நீர். வெங்காயம், பூண்டு மட்டுமன்று. உருளைக்கிழங்கு, தக்காளி போன்று பின்னாளில் வந்த காய்களும் சேர்ப்பதில்லை. நம் திவசச் சமையலின் நியமம் நினைவுக்கு வரும். ஜகந்நாதருக்கு நிவேதித்த அன்னத்தை விமலா தேவிக்கும் நிவேதித்த பின்பே அது 'மகாபிரசாதம்' ஆகிறது. பிற்பகலில், திருச்சுற்றின் வடகிழக்கிலுள்ள ஆனந்த பஜாரில் அது மண்சட்டிகளோடு விற்பனைக்கு வருகிறது. அந்தச் சட்டிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'குடுவா'. நம் குடுவையேதான் என்று எனக்குத் தோன்றியது.

மகாபிரசாதத்திற்கு எச்சில் இல்லை, தீட்டு இல்லை, குலம் இல்லை. ஒரே சட்டியிலிருந்து யாரும் யாரோடும் உண்ணலாம். பிறர் உண்ட மிச்சத்தையும் மறுக்கலாகாது என்பது அத்தலத்தின் விதி. இதை முன்னரே படித்திருந்த நான், சோறும் பருப்பும் ஒரு குடுவா வாங்கிக்கொண்டு, அவளுக்கு வாழைப்பழம் வாங்கித் தரலாமா என்று யோசித்தபடி நின்றேன். வற்புறுத்தவில்லை. 44 ஆண்டு நியமத்தைப் பசிக்காக உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தரையில் அமர்ந்திருந்த ஓர் ஒடிய மூதாட்டி, அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தம் அருகே உட்கார வைத்தார். ஏதோ கேட்டார்; இவளுக்குப் புரியவில்லை. அவர் தம் இலையிலிருந்தே ஒரு கவளம் உருட்டி இவளிடம் நீட்டினார். உண்ட கையால், உண்ட இலையிலிருந்து. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, வாங்கி உண்டுவிட்டாள்.

பிறகு, "நீங்க ஏன் நிக்கறீங்க? உக்காருங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் நான் உண்ட பின்பே அவள் உண்பாள். மணநாளின் சடங்கைத் தவிர, ஓர் இலையின் முன் நாங்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்த நினைவு எனக்கில்லை. அன்று ஒரே இலை. பருப்போடு காய்கள் வெந்த 'தால்மா'வைச் சோற்றில் பிசைந்து, "உப்பு கம்மிதான், ஆனா நெய் வாசனை நல்லா இருக்கு" என்று குறை நிறை சொல்லிக்கொண்டே உண்டாள்.

பூரியின் வழிபாட்டு முறையைப் பாஞ்சராத்திர நெறிக்கு மாற்ற விரும்பி வந்த இராமாநுசரை, உறங்கும்போது ஓர் இரவில் ஸ்ரீகூர்மத்தில் கொண்டு சேர்த்துவிட்டார் ஜகந்நாதர் என்று குருபரம்பரை கூறும். தம் வழக்கத்தை ஆசாரியருக்காகவும் மாற்றிக்கொள்ளாத அந்தப் பெருமான், என் மனைவியின் வழக்கத்தை ஒரு கவளத்தில் மாற்றிவிட்டார். எஞ்சிய நான்கு நாட்களும் அந்தப் பந்தியில்தான் எங்கள் மதிய உணவு.

செல்ல விரும்புவோருக்கு ஓரிரு குறிப்புகள். ஜேஷ்ட பௌர்ணமியின் திருமஞ்சனத்திற்குப் பின், தேர்த் திருவிழா வரை ஏறத்தாழ 15 நாட்கள் மூலவர் தரிசனம் இல்லை. அதனைத் தவிர்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்க. கோணார்க் 35 கிலோமீட்டர்தான். வெயில் ஏறுமுன் சென்று திரும்பிவிடலாம்.

புறப்படும் நாளில் 'நிர்மால்யம்' வாங்கினோம். மகாபிரசாத அன்னத்தை வெயிலில் உலர்த்திச் சிறு துணிப்பையில் கட்டித் தருகின்றனர். காசிச் சொம்பின் கங்கை நீரை நாம் எதற்காக வீட்டில் வைத்திருக்கிறோமோ, அதற்காகவே அவர்களும் இதனை வைத்திருக்கின்றனர். இறுதி மூச்சின்போது நாவில் இடுவதற்கு. என் மனைவி இரண்டு பைகள் எடுத்தாள். ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றாள்.