ஈறு கருப்பாக இருக்கிறது, லேசர் வேண்டுமா?

கல்யாணத் தேதி குறித்த கையோடு பல் மருத்துவரிடம் போய், "பல்லு வெள்ளையாத்தான் இருக்கு டாக்டர், ஈறுதான் கருப்பு, போட்டோல நல்லா இல்ல" என்று கேட்பவர்கள் இன்று நிறையப் பேர். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, கருத்த ஈறு நோயல்ல என்பதைத்தான். தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் ஈறுக்கும் நிறம் தருகிறது. அதை உண்டாக்கும் செல்கள் வெளுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில் உண்டு. நமக்கு அவை கூடுதலாக வேலை செய்கின்றன. இது சரியாகப் பல் துலக்காததால் வந்த கறை இல்லை. தேய்த்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

சிறுவயது முதலே இரு பக்கமும் சீராகக் கருத்திருந்தால் கவலை வேண்டாம். புதிதாகக் கருத்தால்தான் காரணம் தேட வேண்டும். சிகரெட், மினோசைக்ளின் போன்ற மாத்திரைகள், அபூர்வமாக அட்ரீனல் சுரப்பியின் கோளாறு என்று அது எதுவாகவும் இருக்கலாம். ஒரே இடத்தில் திட்டாகத் தோன்றி வளர்ந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்; மிக அரிதாக அது புற்றுநோயாக இருக்கக்கூடும். புகையால் வந்த கருமை, புகையை விட்டால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தானே மங்கும்.

லேசர் செய்வது எளிமையான வேலை. மெலனின் இருப்பது ஈறின் மேல்தோலின் அடியடுக்கில். மரத்துப்போக ஊசி போட்டு அல்லது மருந்து தடவி, அந்த மேல்தோலை மட்டும் நீக்குகிறார்கள். நம் ஊரில் பரவலாகப் பயன்படுவது டயோடு லேசர். 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான அதன் ஒளியை மெலனினும் ரத்தச் சிவப்பணுக்களின் நிறமியும் உறிஞ்சிக்கொள்வதால், நீக்கும்போதே ரத்தமும் நின்றுவிடுகிறது. ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடு ஆழமாக இறங்கி எலும்பைப் பாதிக்கலாம். ஈறு மெல்லியதாக உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். எர்பியம் லேசரின் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சுவதால் சூடு ஆழம் போகாது, ரத்தம் மட்டும் சற்றுக் கூடுதலாகக் கசியும். கத்தியால் சீவி எடுக்கும் பழைய முறையும் நல்ல பலன் தருவதுதான். ஆகவே கருவியைவிட, பிடிக்கும் கையின் அனுபவத்தைக் கேட்டுப் பாருங்கள்.

நிறம் திரும்பி வரலாம். பக்கத்து ஈறிலிருந்து நிறமிச் செல்கள் புதுத்தோலுக்குள் நகர்ந்து வருகின்றன. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. புகைப்பவருக்குச் சீக்கிரம். "நிரந்தரம்" என்று எந்த மருத்துவமனை சொன்னாலும் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

செய்துகொண்டால், ஒரு வாரம் காரம், புளிப்பு, சுடச்சுடக் காபி, புகை எதுவும் கூடாது. தயிர் சாதம் நல்லது. முதல் சில நாள்களில் ஈறின் மேல் வெண்மையாக ஒரு படலம் படியும். அது சீழ் அல்ல, புண் ஆறுவதன் அடையாளம், சுரண்டி எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரங்களில் அதன் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடிவிடும். வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால் மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள்.