கிண்ணம் வென்ற பயிற்றுநரைத் தக்கவைப்பது எப்படி? ஒப்பந்தத்தால் முடிவதும் முடியாததும்

ஒரு குழு கிண்ணத்தை வென்றால் ஆட்டக்காரர்களுக்கு மாலை விழுகிறது, நிர்வாகத்தினர் மேடையேறுகிறார்கள், படங்கள் நாளிதழில் வருகின்றன. அதே வாரத்தில் வேறோர் ஊரில் இன்னொரு நிர்வாகம் அந்தக் குழுவின் பயிற்றுநரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கும். நல்ல பயிற்றுநரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை என்றால், வெற்றிக்குப் பிறகு அவரைத் தக்கவைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. தேசிய அணிக்கு மட்டுமல்ல, தம்பின் வட்டாரத்தின் தோட்டத் திடல்களுக்கும் இது பொருந்தும்.

“ஒப்பந்தம் இருக்கிறதே, எப்படிப் போவார்?” என்பது ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ஒப்பந்தம் இருந்தும் போகலாம் என்பதே உண்மை. அது ஏன், நிர்வாகத்தின் கையில் என்னதான் இருக்கிறது என்பதை நம் நாட்டுக் கால்பந்து அனுபவத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ராஜகோபால் காலம்

2009 ஜனவரியில் மலேசிய அணி சொந்த மண்ணிலேயே ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றது. அந்த ஆண்டில்தான் கே.ராஜகோபால் தேசிய அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். இளம் ஆட்டக்காரர்களை நம்பி அணியைக் கட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என வீழ்த்தி மலேசியா தங்கம் வென்றது. 1989-க்குப் பிறகு, 20 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த தங்கம் அது.

அடுத்த ஆண்டு நடந்த சுசுகி கிண்ணப் போட்டி இன்னும் பெரிய பாடம். 2010 டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் மலேசியா 1-5 என இந்தோனேசியாவிடம் நொறுங்கியது. ஆனால் அதே மாத இறுதியில், அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து 4-2 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0, ஜகார்த்தாவில் 1-2. ஆசியான் கிண்ணத்தை மலேசியா வென்றது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தின் முடிவை மட்டும் வைத்துப் பயிற்றுநரை எடைபோட்டிருந்தால் அந்தக் கிண்ணம் வந்திருக்காது.

பிறகு என்ன நடந்தது? 2014 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோல்வி, 2012 சுசுகி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்திடம் தோல்வி. 2013 இறுதியில் ராஜகோபாலின் ஒப்பந்தம் முடிந்தபோது அது புதுப்பிக்கப்படவில்லை. 2014 முதல் 2017 இறுதிக்குள் டோல்லா சாலே, ஓங் கிம் சுவீ, நெலோ விங்காடா, டான் செங் ஹோ என நால்வர் அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். டோல்லா சாலே 2014 சுசுகி கிண்ண இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டு சென்றவர். மறு ஆண்டே அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 எனத் தோற்றதும் அவர் பதவி விலகினார்.

ராஜகோபாலை வேறு யாரும் இழுத்துச் செல்லவில்லை. தவணை முடிந்தது, அவ்வளவுதான். நம் நாட்டுச் சட்டப்படி, உண்மையான நிலைத்தவணை ஒப்பந்தம் குறித்த நாளில் முடிவடைவது பணிநீக்கம் ஆகாது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட கடைசித் தேதி வெறும் எண் அல்ல. அந்தத் தேதிக்கு முன் நிர்வாகம் முடிவெடுக்காவிட்டால் தேதியே முடிவெடுத்துவிடும்.

பாதியில் புறப்பட்ட கிம்

இரண்டாவது வகை இழப்பு 2024-இல் நடந்தது. 2022 ஜனவரியில் பொறுப்பேற்ற தென்கொரியர் கிம் பான் கோன், 1980-க்குப் பிறகு முதல் முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று மலேசியாவை ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டு சென்றார். 2024 ஜனவரியில் கட்டாரில் தென்கொரியாவுடன் 3-3 எனச் சமன் கண்ட ஆட்டத்தை ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அதே ஆண்டு ஜூலையில், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அவர் விலகினார். சில நாட்களில் கொரியாவின் உல்சான் கிளப்பின் பயிற்றுநரானார்.

அதற்குப் பின்னால் ஒரு சங்கிலித் தொடர் இருந்தது. தென்கொரிய தேசிய அணிக்குப் பயிற்றுநர் தேவைப்பட்டது. உல்சானில் இருந்த ஹோங் மியூங் போ அங்கே சென்றார். அவர் விட்ட இடம் காலியானது. அந்த இடத்துக்கு கிம் போனார். மலேசியா எந்தத் தவறும் செய்யாமலிருந்தாலும், எங்கோ ஒரு நாற்காலி காலியானதன் அதிர்வு புக்கிட் ஜாலில் வரை வந்திருக்கும். உல்சான் அந்த ஆண்டு கொரிய லீக்கை வென்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் கிம் அங்கிருந்தும் வெளியேறினார்.

சட்டம் சொல்வது

ஒப்பந்தத்தைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைக்க முடியாதா? முடியாது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, ஒருவரின் தனித்திறனையும் விருப்பத்தையும் சார்ந்த வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. மனமில்லாத பயிற்றுநரைத் திடலில் நிறுத்தி என்ன பயன்?

“இங்கிருந்து போனால் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தக் குழுவுக்கும் பயிற்சி தரக்கூடாது” என்று எழுதி வைக்கலாமா? 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாட்டை அந்த அளவுக்குச் செல்லாததாக்குகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் அப்படிப்பட்ட தடைகள் நம் நாட்டில் நிற்பது அரிது.

மிஞ்சுவது இழப்பீடு. பாதியில் போனால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, எழுதிய தொகையைத் தாண்டாத நியாயமான இழப்பீடே கிடைக்கும். பயமுறுத்துவதற்காக மலையளவு தொகை எழுதினால் அது அப்படியே கிடைத்துவிடாது.

சுருங்கச் சொன்னால், ஒப்பந்தம் ஆளைக் கட்டிப்போடும் கயிறு அல்ல. பிரிவுக்கு முன்கூட்டியே பேசி வைக்கும் விலை.

அமெரிக்கக் கல்லூரிகள் காட்டும் பாடம்

இந்த விலையை மிகத் துல்லியமாகக் கணக்குப் போடுவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். அங்கே கல்லூரி பேஸ்பால் பயிற்றுநர்களுக்கும் மில்லியன் டாலர் கணக்கில் சம்பளம் உண்டு. டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 2024-இல் முதல் தேசிய வெற்றியாளர் பட்டத்தைத் தேடித் தந்த டோனி விட்டெல்லோவுக்கு உடனே புதிய ஒப்பந்தம் தரப்பட்டது. ஆண்டுக்கு 3 மில்லியன் டாலர் எனச் செய்திகள் கூறின. ஆனாலும் 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜெயண்ட்ஸ் தொழில்முறை அணி அவரை அழைத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்க வேண்டிய விடுவிப்புத் தொகையும் 3 மில்லியன் டாலர் என்றே செய்திகள் தெரிவித்தன. ஆள் போனார். ஆனால் வெறுங்கையோடு நிற்கும் நிலை பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. உதவிப் பயிற்றுநர் ஜோஷ் இலேண்டர் உடனே பொறுப்பேற்றார்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கசப்பானது. 2024 ஜூன் 24ஆம் தேதி அதன் அணி தேசிய இறுதியாட்டத்தில் டென்னசியிடம் தோற்றது. மறுநாளே பயிற்றுநர் ஜிம் ஷ்லாஸ்னேகல் பரம எதிரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அவருக்குக் கீழ் இருந்த மைக்கேல் இயர்லியை உயர்த்தி அணி சிதறாமல் பார்த்துக்கொள்ள நிர்வாகம் முயன்றது. 2025 பருவத்தை முதல்நிலை அணியாகக் கணிக்கப்பட்டுத் தொடங்கிய ஏ அண்ட் எம், தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. ஷ்லாஸ்னேகலின் புதிய அணியோ முதல் ஆண்டிலேயே தன் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தது.

அங்கே ஒப்பந்தம் முடிய மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே ஏன் நீட்டிக்கிறார்கள்? 17 வயது ஆட்டக்காரர் ஒருவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, “நான் படித்து முடிக்கும் வரை இந்தப் பயிற்றுநர் இங்கே இருப்பாரா?” என்று கேட்கிறார். பயிற்றுநரின் ஒப்பந்தம் அந்தப் பையனுக்கும் அவன் பெற்றோருக்கும் கொடுக்கப்படும் வாக்கு. அது குறுகக் குறுக, வரவேண்டிய பிள்ளைகள் வேறு வாசலைத் தேடுவார்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

பெரிய கிளப் ஆனாலும் சிறிய குழு ஆனாலும் ஐந்து விஷயங்களை எழுதி வைப்பது நல்லது.

முதலாவது, மறுபேச்சுக்கான நாள். ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ ஓராண்டோ இருக்கும்போதே இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். வென்றுகொண்டிருக்கும்போது பேசினால் பயிற்றுநருக்கு மரியாதை, தோற்ற பிறகு பேசினால் பேரம்.

இரண்டாவது, இலக்கு. “நன்றாகச் செய்ய வேண்டும்” என்பது இலக்கு அல்ல. எத்தனை இளம் ஆட்டக்காரர்களை உருவாக்குவது, எந்தச் சுற்று வரை போவது என்று தெளிவாக இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

மூன்றாவது, விடுவிப்புத் தொகை. அவர் போனால் எவ்வளவு, நிர்வாகம் அனுப்பினால் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். 2027 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்த ஷின் டே யோங்கை இந்தோனேசியா 2025 ஜனவரியில் அனுப்பிவிட்டது. நீண்ட ஒப்பந்தம் பயிற்றுநருக்கும் உத்தரவாதம் அல்ல.

நான்காவது, அதிகாரம். யாரை ஆட வைப்பது என்பதில் யாருக்குக் கடைசிச் சொல்? சம்பளம் போதாமல் போகிறவர்கள் உண்டு. தன் வேலையில் மற்றவர்கள் கைவைப்பதால் போகிறவர்களும் உண்டு.

ஐந்தாவது, அடுத்தவர். உதவிப் பயிற்றுநரையும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், தலைவர் போனாலும் குழுவின் பழக்கவழக்கம் போகாது.

நம் மாநிலமே இதற்குச் சான்று. 2009-இல் வான் ஜமாக்கின் பயிற்சியில் நெகிரி செம்பிலான் 61 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தை வென்றது. 2010-இல் எஃப்ஏ கிண்ணமும் வந்தது. 2011-இல் பயிற்றுநர் மாறி அஸ்ராய் கோர் வந்தபோதும் மலேசியக் கிண்ணம் மீண்டும் பாரோய்க்கு வந்தது. கட்டமைப்பு நிலைத்திருந்தால் மாற்றத்தையும் தாங்கலாம். பின்னர் சரிந்த குழுவை கே.தேவன் 2021-இல் பிரிமியர் லீக் வெற்றியாளராக்கி சூப்பர் லீக்கிற்கு ஏற்றி, மறு ஆண்டே நான்காம் இடத்துக்குக் கொண்டு வந்தார். ஒரு சரியான பயிற்றுநர் எவ்வளவு மாற்ற முடியும் என்பதையும் ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

தோட்டத் திடலுக்கு வந்தால்

தம்பின், கெமெஞ்சே, கிம்மாஸ் பக்கம் மாலையில் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுத் தருகிறவர்களில் பலருக்குச் சம்பளமே இல்லை. ஆசிரியரோ முன்னாள் ஆட்டக்காரரோ, சொந்தக் காசில் பெட்ரோல் ஊற்றி வருகிறார். அவருக்கு ஒப்பந்தம் எதற்கு என்று தோன்றலாம். சம்பளம் இல்லாத இடத்தில்தான் எழுத்து இன்னும் முக்கியம். மனிதர் ஒருநாள் வராவிட்டால் பிள்ளைகளும் கலைந்துவிடுவார்கள். தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்கு நகர்ந்துவிட்ட காலத்தில், கலைந்த குழுவை மறுபடி கூட்டுவது எளிதல்ல.

ஒரு பக்கக் கடிதம் போதும். எத்தனை ஆண்டு, வாரத்தில் எத்தனை நாள், பெட்ரோலுக்கும் காலணிக்கும் குழு தரும் தொகை எவ்வளவு, அவருக்கு உதவியாளர் யார், மறுபடி பேசும் மாதம் எது. முடிந்தால் பயிற்றுநர் உரிமப் பயிற்சிக்கான கட்டணத்தைக் குழுவே கட்டலாம். அதற்கு ஈடாக இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும், முன்பே போனால் மீதிக் காலத்துக்கான பங்கைத் திருப்பித் தரலாம் என்று எழுதிக்கொள்ளலாம். இதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. அவர் முன்னேறுகிறார், குழுவும் பலனடைகிறது.

அவர் பயிற்சித் திட்டங்களையும் பிள்ளைகளின் விவரங்களையும் ஒரு நோட்டில் எழுதிக் குழுவிடம் ஒப்படைக்கும் பழக்கமும் வேண்டும். அந்த நோட்டும், பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட உதவியாளரும் இருந்தால், ஆள் மாறிய வாரத்திலும் மாலை ஐந்து மணிக்குத் திடலில் பந்து உருளும்.

நல்ல பயிற்றுநருக்கு வேறு அழைப்பு வருவது இயல்பு. அழைப்பே வராத பயிற்றுநரைத்தான் யாரும் தேடுவதில்லை. அவர் இருக்க விரும்பும் சூழலை உருவாக்குவதும், போனால் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்க ஏற்ற நேரம், கிண்ணம் இன்னும் மேசைமேல் பளபளக்கும் வாரம்.