கூத்துக் காலம்

அறுவடை முடிந்து பங்குனி பிறந்தால் திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் கூத்துப் பருவம்தான்; ஆடி வரை ஓடும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. வில் வளைப்பு, பகடைத் துகில், கர்ண மோட்சம் என இரவுக்கொரு நாடகம். அர்ச்சுனன் தபசுதான் தனி விசேஷம். வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறி எலுமிச்சையும் திருநீறும் வீச, பிள்ளை வரம் வேண்டுவோர் கீழே மடியேந்தி நிற்பார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் கேலிக்கு உள்ளூர்ப் பெரியவர்களும் தப்ப மாட்டார்கள். கடைசி நாள், போர்க்களமாகக் கொள்ளப்படும் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பேருருவாகக் கிடப்பான். அன்று மாலை தீமிதி. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலையே திரௌபதி வழிபாட்டின் தாய்க்கோயில் என்பார்கள். கூத்து முடிய விடிந்துவிடும் நேயர்களே. பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள்.