மாணாக்கர் மன்றமும் சகோதர சங்கங்களும்

அமெரிக்கக் கலாசாலைகளில், 1776இல் பை பீட்டா காப்பா தோன்றியது முதலாக, கிரேக்க எழுத்துக்களைப் பெயராகப் பூண்ட சகோதர சங்கங்கள் பல்கின. அவற்றின் பிரதிநிதிகள் கூடிய மாணாக்கர் மன்றமே புதியோரைச் சேர்க்கும் முறையை வகுத்து, வரம்பு கடந்த சங்கத்தைக் கண்டிக்கும். தன் சங்கத்தானைத் தானே கண்டித்தல் எளிதோ? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாற்று நீரை முறைவைத்துப் பாய்ச்சுவோர் இதன் கடினத்தை நன்கறிவர். முறை மீறி மடை திறந்தவனை அவனூராரே தடுத்தாலன்றிக் கடைமடை நனையாது.

நம் நாட்டில் அச்சங்கங்களின் இடத்தில் விடுதிகள் உள. விடுதிகளின் பொது மன்றத்தில் வழக்கொன்று வருங்கால், குற்றஞ்சாட்டப்பட்டோனுடைய விடுதிப் பிரதிநிதி விலகி நிற்றலே முறை என்போம். ராகிங் எனின் மன்றம் சமரசமும் பேசற்க. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையீட்டை விசாரித்து, உண்மை தோன்றின் அம்மாணாக்கனைத் தற்காலிகமாக நீக்குதல் கல்லூரித் தலைவரின் கடமையாம்.