உலோகத்தின்மேற் கோடிடும் கருவிகள்

இரும்பையோ பித்தளையையோ அறுத்தும் துளைத்தும் அராவியும் ஓர் உறுப்பாக ஆக்கப் புகும் கம்மியர், முதற்கண் அதன்மேல் அளவுக் கோடுகளை வரைந்துகொள்வர். பின்னர் நிகழும் வேலை யாவும் அக்கோடுகளையே பற்றி நடத்தலின், கோடு பிழைப்பின் அரமும் வாளும் எத்துணை நன்றாக இயங்கினும் பயனில்லை. ஆயினும் பட்டறையுட் புதிதாகப் புகும் மாணவர் பலர் கூரிய ஊசி ஒன்றைத் தேடுவரேயன்றி, தமக்கு வேண்டிய கோடு எத்தகையது என்று வினவுவதில்லை.

க்ஷேத்திர கணிதத்திற் கோட்டுக்கு அகலமில்லை. பட்டறையில் அகலமில்லாத கோடே இல்லை. பென்சிற்கோடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலமாகும். நன்கு தீட்டிய வரையூசி இடுங் கோடு அதில் ஐந்திலொரு பங்கே. ஆதலின் இரும்புக் கதவு செய்வார்க்கு மாக்கல் துண்டே போதும். இயந்திர உறுப்புச் செய்வார்க்கு ஸ்கிரைபர் எனப்படும் வரையூசியே வேண்டும். அதன் முனை கடினமாக்கப்பட்ட எஃகினாலாயது. 12 முதல் 15 பாகை வரை கூராகத் தீட்டப்படுவது. முனை அளவுகோலின் அடிவிளிம்பை ஒட்டுமாறு சிறிது சாய்த்து, ஒரே இழுப்பில் வரைதல் வேண்டும். மறுமுறை இழுத்தால் ஒன்று இரண்டாகும். அவற்றுள் மெய்க்கோடு எதுவென்று பின்னர் யார் அறிவார்? பதமேற்றிய எஃகின்மேல் வரைவதற்கு டங்ஸ்டன் கார்பைட் முனையுள்ள ஊசியைக் கொள்க.

கோடு கண்ணுக்குப் புலப்படவும் வேண்டுமன்றோ? சொரசொரப்பான வார்ப்பிரும்பிற்குச் சுண்ணாம்பும், துலக்கிய பரப்பிற்கு நீலச்சாயமும் பூசுவர். எண்ணெய்ப் பசை நீக்கிய எஃகின்மேல் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் செம்பு மெல்லிய படலமாகப் படியும். இரசாயன வகுப்பில் இரும்பாணியை அக்கரைசலில் இட்டுப் பார்த்தோர்க்கு இது புதுமையன்று. அச்செம்மையிடையே ஊசிக்கோடு வெண்மையாக ஒளிரும்.

மூலைமட்டம் செம்மையானதா என அறிய வேறு கருவி வேண்டுவதில்லை. நேரான விளிம்பில் அதனைச் சார்த்தி ஒரு கோடிடுக. பின் அதைப் புரட்டி வைத்து, அவ்விடத்திலேயே மற்றொன்று இடுக. இரண்டும் ஒன்றாயின் நன்று; விலகினால் அவ்விலக்கத்திற் பாதியே கருவியின் பிழை.

எல்லாவற்றினும் முதன்மையானது, யாவரும் எளிதில் மறப்பதும் அதுவே, சர்பேஸ் பிளேட் என்னும் சமதளப் பலகை. உயரங்காட்டும் கருவி அதன்மேல் நின்றே கோடிடுகின்றது. பலகை வளைந்திருப்பின் கோடும் வளையும். இங்கிலாந்திற் பிறந்த ஜோசப் விட்வொர்த் என்பார் 1840-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்துக் கூடிய அறிஞர் சபையில் மெய்ச்சமதளம் ஆக்கும் முறையை விளக்கினார். இரு பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்ப்பின், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தே இணங்கிவிடக் கூடும். மூன்று பலகைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, மேடான இடங்களைச் சுரண்டிக்கொண்டே வந்தால், மூன்றும் தட்டையானாலன்றித் தம்முள் முற்றும் இணங்கா. அளவெடுக்கும் கருவி இன்றியே அளவிற்கு ஆதாரமானதொன்றைப் பெறும் இவ்வுபாயம் வியக்கத்தக்கது. இக்காலத்திற் கருங்கற் பலகைகளும் வழங்குகின்றன.

மில்லிமீட்டரில் ஐம்பதிலொரு பங்கு காட்டும் வர்னியர் உயரமானியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிச் சாதாரண மேசைமேல் நிறுத்துவோர், அப்பொருளை வீணாக்குகின்றனர். நல்ல பலகையின்மேல் வைப்பினும், அது கீறுங் கோட்டிற்கு அகலம் உண்டு என்பதை மறத்தலாகாது. கோடு வழிகாட்டும், முடிந்த அளவை மைக்ரோமீட்டரே கூறவேண்டும்.

துளையிடும் இடத்தைக் குறிக்கப் பஞ்சு என்னும் குத்தாணி பயன்படும். முதலில் 60 பாகைக் கூருடையதால் மெல்லத் தட்டி, இடம் சரியென்று கண்டபின் 90 பாகையுடையதால் அழுத்துக.

வரையூசி ஆகாத இடங்களும் உண்டு. துத்தநாகம் அல்லது வெள்ளீயம் பூசிய தகட்டைக் கீறினால் மேற்பூச்சு அறும். அவ்வழித் துருப் புகும். மடிக்கவேண்டிய தகட்டில் மடிப்பின்மேற் கீறினால் அக்கீறலே வெடிப்பிற்கு வித்தாகும். விமானத்தின் அலுமினியத் தகட்டில் இது உயிர்க்கேடு விளைக்கும். பறக்குந்தோறும் உடற்பகுதி காற்றழுத்தத்தால் விரிந்து சுருங்க, மயிரிழை போன்ற கீறலும் நாளடைவில் நீண்டு பிளக்கும். ஆதலின் வெட்டி நீக்கப்படும் ஓரத்திலன்றி வேறெங்கும் அங்கே ஊசி படலாகாது. பென்சிலும் அதற்கு உகந்ததன்று. அதிலுள்ள கிராபைட் ஈரங்கூடியவிடத்து அலுமினியத்தை அரிக்கும். அரிப்புண்டாக்காத மைக்கோல் கொண்டே வரைந்து, வேலை முடிந்ததும் துடைத்துவிடுவர்.