பின் அச்சில் சத்தம்: டிபரன்சியலைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியவை

மாரி வெள்ளம் வடிந்து இரண்டு மூன்று கிழமையில் படுவான்கரைப் பக்கத்துப் பழைய ஜீப்களும் டபுள் கப்களும் கராஜுக்கு வரத் தொடங்கும். முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "பின்னால ஒரு சத்தம் வருது." கிடைக்கிற பதிலும் பல இடங்களில் ஒன்றுதான்: "டிபரன்சியல் போயிற்று, இறக்கித்தான் பார்க்க வேணும்."

இறக்கினால் செலவு தொடங்கிவிடும். கூலி, ஒயில், சீல், பிறகு பாகம் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஓர் ஆள். எல்லாம் முடித்து வாகனத்தை எடுத்துக்கொண்டு போனால் வவுணதீவு தாண்டுவதற்குள் அதே சத்தம் திரும்பவும் கேட்கும். பின்பக்கத்தில் சத்தம் போடக்கூடிய பொருட்கள் ஏழெட்டு இருக்கின்றன. டிபரன்சியல் அவற்றில் ஒன்று மட்டும்தான், அதுவும் ஆகச் செலவு கூடியது. ஆகவே அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன் வாகனக்காரரே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் பல உண்டு.

இந்த வாகனங்களை விற்றுவிட்டுப் புதியது வாங்குங்கள் என்று சொல்வது இலகு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் இருந்ததையே தைத்துப் போட்டு ஓடினோம். அதற்கு முந்திய பழக்கமும் நமக்கு இருக்கிறது. 2007 வரை வாவியின் மேற்குக் கரைக்கு ஒரு பெயாரிங்கைக் கொண்டுபோவதென்றாலும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மண்முனையில் பாலம் வந்தது 2014இல். அதுவரை பாதையில் ஏற்றித்தான் வாகனம் கடந்தது. இன்றும் கிரான் - புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் படகும் உழவு இயந்திரமும் உயரமான ஜீப்பும்தான் துணை. பிள்ளைப்பேற்றுக்கோ பாம்புக்கடிக்கோ ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வாகனமும் அதுவே. இரவில், யானை நடமாடும் இடத்தில், அதன் சில்லுக் கழன்று நிற்கக்கூடாது.

பின் அச்சின் அமைப்பு சிக்கலானதல்ல. இயந்திரத்தின் விசை புறொப்பெலர் சாப்ட் எனப்படும் நீளத் தண்டு வழியாகப் பின்னுக்கு வருகிறது. அதன் இரண்டு முனையிலும் யூ ஜொயின்ட். அது பினியன் என்ற சிறிய பல்லுச்சில்லைச் சுற்ற, பினியன் கிறவுண் வீல் என்ற பெரிய பல்லுச்சில்லைச் சுற்றுகிறது. அங்கிருந்து இரு பக்கமும் அக்சில் தண்டுகள், முடிவில் சில்லுப் பெயாரிங்குகள். பினியனும் அதைச் சுற்றுகிற நீளத் தண்டும் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். பழைய லான்ட்ரோவரில் விகிதம் 4.7. ரயரின் சுற்றளவு 2.3 மீற்றர் என்றால், 20 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் கூடவும் பினியன் பதினொரு தடவைக்குக் கூடவும் சுற்றும். "டக்… டக்…" என்று எண்ணக்கூடிய வேகத்தில் தட்டுகிற சத்தம் சில்லோடு சுற்றுகிற பொருளிலிருந்து வருகிறது. எண்ண முடியாமல் இழுபட்டு ஊளையிடுகிற சத்தத்துக்குப் பினியன் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் ரயர். சேற்றுக்குப் போடும் பெரிய பூ ரயர்கள் தார் வீதியில் உறுமும். ஒரு பக்கமாகத் தேய்ந்தவை பெயாரிங் போனது மாதிரியே உறுமும். கிறவல் பாதையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, காப்பெட் வீதிக்கு வர வேண்டும். வீதியின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது ரயர். உறுதியாகத் தெரிய, பின் ரயர்களை முன்னுக்கு மாற்றி ஓடிப் பாருங்கள். சத்தம் முன்னுக்கு இடம்பெயர்ந்தால் ஒரு சதமும் செலவழிக்காமல் காரியம் முடிந்தது. கூடவே போர்வீல் லீவரையும் பாருங்கள். வயலுக்குள் போட்டதை எடுக்க மறந்து தார் வீதியில் ஓடினால் முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று இழுபட்டு முறுகும், ரயர் கீச்சிடும், சத்தம் பின்னாலிருந்து வருவது போலவே இருக்கும். இதற்காகக் கராஜுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது ஓடிப் பார்க்கும் சோதனை. இதுதான் முக்கியமானது. சனநடமாட்டம் இல்லாத நேர் வீதியில், கண்ணாடிகளை இறக்கி, 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விதமாக ஓட வேண்டும். அக்சிலேற்றரை அழுத்தி இழுக்க விட்டு ஒரு தரம். வேகம் கூடாமல் குறையாமல் ஒரு தரம். கியரில் இருக்கும்போதே காலை எடுத்து ஒரு தரம். கடைசியாக நியூற்றலில் உருள விட்டு ஒரு தரம். அக்சிலேற்றருக்கு ஏற்றபடி ஊளைச் சத்தம் வந்து வந்து போனால், அதாவது இழுக்கும்போது கேட்டு, காலை எடுத்ததும் மறைந்தால் (அல்லது மறுபக்கமாக நடந்தால்), பாரம் மாறும்போது மாறுகிற இடத்தில்தான் கோளாறு: பினியன், கிறவுண் வீல், பினியன் பெயாரிங்குகள். காலை வைத்தாலும் எடுத்தாலும் நியூற்றலில் விட்டாலும் ஒரே மாதிரி "கொர்ர்" என்று கேட்டு, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பெரும்பாலும் அது சில்லுப் பெயாரிங். நிதானமாக இடமும் வலமும் சற்று வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சில்லுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கம். நேரே போகும்போது ஒன்றும் இல்லாமல் வளைவில் மட்டும் கடகடவென்றால், டிபரன்சியலுக்குள் இருக்கும் சின்னப் பல்லுச்சில்லுகளைச் சந்தேகிக்கலாம்.

ஓடி வந்து நிறுத்திய உடனே இரண்டு பக்க ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், கவனமாக. ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடென்றால் அந்தப் பக்கத்துப் பெயாரிங் அல்லது பிறேக். பிறகு ஜக்கு வைத்துச் சில்லைத் தூக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. லான்ட்ரோவர் போன்ற பழைய ஜீப்களில் கைப்பிறேக் பிடிப்பது சில்லை அல்ல, நடுத் தண்டை. பின்சில்லு ஒன்றைத் தூக்கினால் டிபரன்சியல் வழியாக மற்றச் சில்லு உருளும், கைப்பிறேக் போட்டிருந்தாலும் வாகனம் ஜக்கிலிருந்து விழும். முன்சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை போட்டு, அச்சுக்குக் கீழே தாங்கி வைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு கையால் சுற்றியபடி மற்றக் கையை வில்லுத்தகட்டில் வையுங்கள். நல்ல பெயாரிங் ஒன்றும் சொல்லாது. போனது மணலை அரைக்கிற மாதிரிக் கையில் உறுத்தும். செல்லடியில் காது மந்தமான மெக்கானிக்மார் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்குக் காதே தேவையில்லை. காது நன்றாக உள்ளவர் நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியை அச்சில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்துக் கேட்கலாம். கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்களே, அதே முறை.

பெயாரிங் என்று தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஹைலக்ஸ் போன்றவற்றில் அக்சில் தண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பதே அந்தப் பெயாரிங்கும் அதன் வளையமும்தான். அது சிதறினால் சில்லும் தண்டும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அதற்கு முன்பே சீல் கிழிந்து ஒயில் பிறேக் சூவில் பட்டு, பிறேக்கும் பிடிக்காது. டிறம்மின் உட்பக்கம் ஈரமாக இருப்பதே அதற்கு அடையாளம். லான்ட்ரோவரின் ஹப் வேறு விதமானது, இரண்டு பெயாரிங்குகளை நட்டு இறுக்கி வைத்திருக்கும். சில வேளை சுத்தம் செய்து, புதுக் கிறீஸ் வைத்து, அளவாக இறுக்குவதோடு சத்தம் போய்விடும்.

கியர் போட்டு விடும்போதும் காலை எடுக்கும்போதும் ஒரே ஒரு "டங்" கேட்டால், வாகனத்துக்கடியில் படுத்து நீளத் தண்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். யூ ஜொயின்டில் ஆட்டம் தெரியும். மெதுவாகப் போகும்போது குருவி கத்துகிற மாதிரிக் கீச்சிடுவதும் பெரும்பாலும் கிறீஸ் காய்ந்த யூ ஜொயின்ட்தான். வில்லுத்தகட்டை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே "டங்" வரும்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், தேவைக்கு மட்டும் போர்வீல் போடும் வாகனங்களில் ஒரு நல்ல வசதி உண்டு. பின் புறொப்பெலர் சாப்டைக் கழற்றி வைத்துவிட்டு, போர்வீல் போட்டு முன்சில்லுகளின் இழுவையில் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடலாம். சத்தம் அப்படியே இருந்தால் சில்லுப் பெயாரிங் அல்லது பாரமில்லாமலும் சுற்றிக்கொண்டிருக்கும் உட்பெயாரிங்குகள். அடியோடு மறைந்தால் தண்டு, யூ ஜொயின்ட், அல்லது பாரத்தில் மட்டும் ஊளையிடும் பற்கள். நாலு நட்டுக் கழற்றுகிற வேலைதான், டிபரன்சியலை இறக்குவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எப்போதும் நான்கு சில்லும் இழுக்கிற வகை வாகனமென்றால் நடு டிபரன்சியலைப் பூட்டிவிட்டுச் செய்ய வேண்டும்.

இனித் தண்ணீர். நமது பகுதியில் பின் அச்சுகளைக் கொல்வதில் முதலாம் எதிரி அதுதான் என்பது என் எண்ணம். வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம்; முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் கரையோரப் பாதைகள் தாழ்ந்த இடமெல்லாம் மூழ்கும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது வர வேண்டும். அச்சின் மேல் இருக்கும் பிறீதர் என்ற சிறு மூச்சுத்துளை சேற்றால் அடைத்திருந்தால் சீல் ஓரங்களால் தண்ணீரை உறிஞ்சும். அடைக்காமல் தண்ணீருக்குக் கீழே இருந்தால் அதன் வழியாகவே உறிஞ்சும். அதுவும் உப்புக் கலந்த வாவித் தண்ணீர். வெள்ளம் வடியட்டும் என்று அப்படியே நிறுத்தி வைத்தால், பெயாரிங் உருளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் துருக்குழி விழும். பிறகு ஓடும்போது அந்தக் குழிகள்தான் சத்தம் போடும். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு எத்தனை வாகனங்கள் இப்படி நின்றன என்பது நினைவிருக்கும்.

பார்ப்பது மிகச் சுலபம். அச்சின் அடியில் உள்ள ஒயில் நட்டைச் சற்றுத் தளர்த்தினால், நின்ற வாகனத்தில் முதலில் தண்ணீர் சொட்டும். தண்ணீரோடு ஓடியிருந்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். உடனே முழுவதையும் வடித்து, மலிவான புது ஒயில் விட்டுக் கொஞ்சம் ஓடி, அதையும் வடித்துவிட்டு, வாகனத்துக்குரிய கியர் ஒயிலை அளவுக்கு நிரப்ப வேண்டும். வெள்ளம் கடந்த அன்றோ மறுநாளோ இதைச் செய்தால் பெயாரிங் தப்பும், மாதம் ஒன்று போனால் தப்பாது. வடித்த ஒயிலில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டிய மெல்லிய சாம்பல் நிறக் களி வழமையானது, செதில் செதிலாக இரும்பு வந்தால் இனித் திறந்துதான் பார்க்க வேண்டும். பிறீதரில் ஒரு றப்பர்க் குழாயைச் செருகி சசியின் மேல் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் அடுத்த மாரிக்குக் கவலை பாதி குறையும். ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு விளங்குவதில்லை.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களும் ஒயில் நட்டைத் திறக்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஊளையிடும் டிபரன்சியலுக்குள் மரத்தூளோ வாழைப்பழத் தோலோ போட்டு விற்கும் வரை சத்தத்தை அடக்குவது பல நாடுகளிலும் அறியப்பட்ட பழைய தந்திரம்.

எல்லாம் பார்த்து டிபரன்சியலே என்று முடிவானால், பினியனையும் கிறவுண் வீலையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். அவை சேர்த்து உரசிச் சோடியாக வருபவை. ஒன்றைப் பழையதாக வைத்தால் ஊளை நிற்காது. முழு டிபரன்சியலைப் பழையதாக வாங்கினால் விகிதத்தைப் பார்க்காமல் பூட்ட வேண்டாம். ஹைலக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்ததென்றால் இன்னொரு ஹைலக்ஸுக்குப் பொருந்தும் என்று கடையில் சொல்வார்கள். உடம்பு பொருந்தும், பல் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். முன் அச்சு ஒரு விகிதத்திலும் பின் அச்சு வேறு விகிதத்திலும் இருந்தால், போர்வீல் போட்ட முதல் நாளே இரண்டும் சண்டை பிடித்து ஏதோ ஒன்றை உடைக்கும். கையில் கிடைத்ததன் பற்களை எண்ணுங்கள்: கிறவுண் வீலில் 41, பினியனில் 10 என்றால் விகிதம் 4.1. வாகனத்தில் இருக்கும் முன் அச்சைக் கழற்றாமலே அளக்கலாம். நியூற்றலில் விட்டு, ஹப் பூட்டு இருந்தால் பூட்டி, ஒரு முன்சில்லைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்கி, தூக்கியதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அந்த நேரத்தில் முன் நீளத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றியதோ, அதுவே விகிதம். தண்டில் ஒரு சோக்குக் கோடு போட்டுக்கொண்டால் எண்ணச் சுகம்.