அமினோ அமில மாவும் சர்க்கரை வியாதியும்

கூலி வாங்கச் சங்க அலுவலகத்திற்கு வந்த அங்கத்தினர் ஒருவர், ஒரு டப்பாவை நம் மேஜைமேல் வைத்து, "ஐயா, இதைத் தினம் இருவேளை கரைத்துக் குடித்தால் சர்க்கரையும் இறங்கும், தோளும் இறுகும் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?" என்று வினவினார். அவர் அறுபது வயதைக் கடந்த கைத்தறி நெசவாளர்; நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். டப்பாவின் விலையோ அவருடைய ஒரு வாரக் கூலி. அதனுள் இருந்தது லியூசின், ஐசோலியூசின், வாலின் என்னும் மூன்று அமினோ அமிலங்களின் மாவு. இதே ஐயம் வேறு பல அங்கத்தினர்க்கும் இருக்கக்கூடும் என்பதால், அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

பருப்பு, பால், முட்டை ஆகியவற்றிலுள்ள புரதம், ஜீரணத்தில் சிதைந்து அமினோ அமிலங்களாகி இரத்தத்தில் கலக்கிறது. நம் உடலின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஒன்பதை உடல் தானே செய்துகொள்ள இயலாது. ஆகாரத்தின் வழியாகவே பெறவேண்டும். டப்பாவிலுள்ள மூன்றும் அந்த ஒன்பதைச் சேர்ந்தவை. நெசவாளருக்கு இவை அந்நியப் பொருள்கள் அல்ல. நாம் நெய்யும் பட்டும் புரதமே. செரின் என்ற அமினோ அமிலம் 1865-ல் பட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லாலேயே பெயர் பெற்றது. லியூசினை 1820-ல் பிரான்ஸ் நாட்டு ரசாயன அறிஞர் பிராக்கோனோ, தசையிலிருந்தும் ஆட்டு உரோமத்திலிருந்தும் பெற்றார்.

கடைக்காரர் கூறியது முழுப் பொய்யன்று. அதனால்தான் அது எளிதில் நம்பப்படுகிறது. லியூசின் இரத்தத்தில் மிகும்போது கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. தசையினுள்ளே, புதிய புரதம் கட்டும் வேலையைத் தொடங்குமாறு அது ஏவுகிறது. ஆனால் மேஸ்திரி உத்தரவிட்ட மாத்திரத்தில் துணி உருவாகிவிடுமா? பாவும் ஊடையும் கையிருப்பில் இருக்கவேண்டும். ஏனைய அமினோ அமிலங்கள் ஆகாரத்திலிருந்து வாராவிடில், உடல் தன் பழைய புரதத்தைப் பிரித்தே அவற்றைத் தேட நேரும். பழைய சேலையின் நூலை உருவிப் புதுச் சேலை நெய்வது போன்றது அது.

நூலில் எழுதியதைக் காட்டிலும் மனிதரிடம் சோதித்துக் கண்டதே நமக்கு முக்கியம். 2014-ல் இஸ்ரேலில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நீரிழிவுடைய 15 பேருக்குக் காலை ஆகாரத்திற்கு முன் 50 கிராம் பால்புரதம் கொடுத்தபோது, பின்வந்த மூன்று மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் 28 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். எனினும் அது ஒரு காலை வேளையின் கணக்கு; கொடுத்ததும் முழுப் புரதம், மூன்று அமிலங்களின் மாவன்று. நம் அங்கத்தினரின் வயதுக்கும் நோய்க்கும் பொருந்துவது, 2011-ல் நெதர்லாந்தில் வெளியான மற்றொரு சோதனை. நீரிழிவுடைய வயதான ஆண்கள் மூன்று வேளை உணவுடனும் வேளைக்கு 2.5 கிராம் லியூசினை ஆறு மாதம் உட்கொண்டார்கள். வேறொரு சாராருக்கு லியூசின் இல்லாத போலி மருந்து கொடுக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் இரு சாராருக்கும் இடையே தசையின் அளவிலோ, வலிமையிலோ, சர்க்கரைக் கட்டுப்பாட்டிலோ வேறுபாடு காணப்படவில்லை! இன்சுலின் ஒருவேளை கூடுதலாகச் சுரப்பது வேறு, வியாதி அடங்குவது வேறு என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் இந்த மூன்று அமிலங்களும் மிகுந்திருப்பது 1969-லேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. 2011-ல் அந்நாட்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, நீரிழிவு இல்லாத 2,422 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இம்மூன்றும் வேறு இரண்டு அமினோ அமிலங்களும் இரத்தத்தில் மிகுந்திருந்தோருக்கே நீரிழிவு அதிகமாக வந்தது. இது நோய்க்குக் காரணமா, வெறும் அடையாளமா என்று நிபுணர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆகவே மாவு நீரிழிவை உண்டாக்கும் என்று நாம் பயமுறுத்தவில்லை. ஏற்கெனவே இரத்தத்தில் மிகுந்திருக்கக்கூடிய பொருளை விலைகொடுத்து மேலும் சேர்ப்பானேன் என்றே கேட்கிறோம்.

உண்ட சோற்றின் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் களஞ்சியம் தசையே. உழைக்கும் தசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோதும் அது சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழித்தறியில் மிதி மிதிப்பவருக்குக் கால் தசை ஓரளவு உழைக்கிறது. விசைத்தறிகளை மேற்பார்த்து நிற்பவருக்கு அதுவும் இல்லை. சாப்பிட்டபின் கால்மணி நேர நடை, தாழ்ந்த பலகையிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுதல், இயன்ற அளவு பளு தூக்குதல் ஆகிய இவற்றிற்குக் காசு வேண்டாம்.

புரதம் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் தேவை. நூறு கிராம் துவரம்பருப்பிலேயே இருபது கிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு பிடிப் பருப்பைப் போட்டு, மீதியைப் புளித்தண்ணீரால் நிரப்பும் சாம்பார் இந்தக் கணக்கில் சேராது என்பதைத் தாய்மார்கள் பொறுத்தருள்க. முதலில் சுண்டலையோ முட்டையையோ காய்கறியையோ உண்டு, பின்னர்ச் சோற்றைச் சற்றுக் குறைத்து உண்பது சர்க்கரை சட்டென ஏறுவதைத் தணிக்கும். துவரையும் உளுந்தும் விளைவிக்கும் அங்கத்தினர் சிலர், அறுவடையை முழுதும் விற்றுவிட்டு, வீட்டுக்கு டப்பா வாங்கிப் போவதையும் கண்டிருக்கிறோம்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிகளில், உடலைப் பெருக்கவென்று புரத மாவுகளை உண்பதைத் தவிர்க்குமாறு கூறியுள்ளது. நீரிழிவு நாட்பட்டவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அந்நிலையில் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை வைத்தியரே கூறவேண்டும். மாவை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதனினும் ஆபத்து. நம் அங்கத்தினரிடம், கடைசியாகச் சிறுநீரும் இரத்தமும் சோதித்தது எப்போது என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை. டப்பாவைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்வதாகக் கூறிப் போனார்.